இடது கண் துடிக்கிறது. போடாக்ஸ் போடச் சொல்கிறார்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 48. ஒன்றரை வருடத்துக்கு முன் இடது கீழிமை லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்றார் மாமியார். நானும் விட்டுவிட்டேன். இப்போது கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுக்கின்றன, கண் தானாக மூடிக்கொள்கிறது. பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டவே பயமாக இருக்கிறது. தூக்கத்திலும் கன்னம் துடிக்கிறது என்கிறார் கணவர். நான் கண்ணடிப்பதாக நினைத்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு போடாக்ஸ் ஊசி போடலாம் என்றார்கள். அது விஷம், வேண்டாம் என்கிறார் கணவர். நாத்தனார் மகளோ, தனக்குத் தெரிந்த அழகு நிலையத்தில் அதே ஊசியை 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) போடுகிறார்கள், நெற்றிச் சுருக்கமும் போய்விடும் என்கிறாள். தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். நான் போடாக்ஸ் போட்டது தெரிந்தால், மகள் கல்யாணத்துக்கு அம்மா அழகு பார்க்கிறாள் என்று பள்ளியில் பேசுவார்கள். என்ன செய்யட்டும்? இன்னொன்று: மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய், ஓயாமல் எச்சில் வடிகிறது. அதற்கும் இந்த ஊசி உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: வணக்கம் டீச்சர். முதலில் உங்கள் கணவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தூக்கத்திலும் கன்னம் துடிக்கிறது என்று கவனித்துச் சொன்னாரே, எங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிற தகவல் அது. முகத்தில் வரும் துடிப்புகளில் பல, தூங்கியதும் அடங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் இழுத்து, இமையில் தொடங்கிக் கன்னத்துக்கும் வாய்க்கும் இறங்கி, தூக்கத்திலும் விடாமல் தொடர்கிறது என்றால் என் போன்ற காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு முதலில் ஒரு நோய்தான் நினைவுக்கு வரும். ஒருபக்க முக இழுப்பு என்று சொல்லலாம். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் உங்களைப் பார்த்த மருத்துவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள் என்று தெரிகிறது.

கண் துடிப்பு எல்லாருக்கும் வருவதுதான். தேர்வுத்தாள் திருத்தி இரண்டு இரவு சரியாகத் தூங்காமல், நாலைந்து கோப்பி குடித்து ஓட்டினால் கீழிமையில் ஒரு நூல் துள்ளுவது போல இருக்கும். எதிரே நிற்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சில நாளில், மிஞ்சிப்போனால் சில வாரத்தில், தானே போய்விடும். உங்கள் மாமியார் நல்ல சேதி என்று சொன்னது இந்த வகைத் துடிப்பை நினைத்துத்தான். அவர்மேல் தப்பில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொண்டு திறக்க மறுப்பது இமை இழுப்பு என்ற வேறு நோய். முகவாதம் வந்து ஆறிய சிலருக்கு வாயைத் திறந்தால் கண் மூடிக்கொள்ளும், அது இன்னொன்று. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் இழுக்கிறது, முகவாதம் வந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை.

ஒரு சின்னச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். கண் தானாக மூடிக்கொள்ளும் நேரத்தில் கண்ணாடியில் இடது புருவத்தைப் பாருங்கள். நாமாகக் கண்ணை இறுக்கினால் புருவம் கீழே இறங்கும். ஒருபக்க முக இழுப்பில் பலருக்குக் கண் மூடும் அதே கணத்தில் புருவம் மேலே ஏறும். வேண்டுமென்று செய்ய நினைத்தால் யாராலும் எளிதில் அப்படிச் செய்ய முடியாது. முடிந்தால் கணவரைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடிக்கச் சொல்லுங்கள். டாக்டர் முன் போய் உட்காரும்போது பார்த்து முகம் அமைதியாக இருந்துவிடுவது வழக்கம். அந்தப் படம் அப்போது உதவும்.

இது ஏன் வருகிறது? காதுக்குப் பின்னால், மண்டைக்குள், மூளைத்தண்டிலிருந்து ஏழாம் நரம்பு புறப்படுகிறது. முகத்தின் அந்தப் பக்கத் தசைகளுக்கெல்லாம் கட்டளை கொண்டுபோகிற நரம்பு. புறப்படுகிற இடத்தில் அதன் உறை மெல்லியது. பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய் ஒன்று வளைந்து வந்து அந்த இடத்தில் படிந்தால், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் நரம்பு இடிபடும். நாளாவட்டத்தில் உறை நைந்து, மேலுறை போன மின்கம்பி பொறி விடுவது போல நரம்பு தானாகவே கட்டளை அனுப்பத் தொடங்கிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, பெரும்பாலும் 40, 50 வயதுகளில். மனக்கவலையும் களைப்பும் இழுப்பைக் கூட்டும், ஆனால் அவற்றால் இந்த நோய் உண்டாவதில்லை. ஆகவே கல்யாணக் கவலையால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னது, நரம்பை அழுத்துவது ரத்தக்குழாய்தானா, அல்லது அபூர்வமாகச் சிலருக்கு இருப்பது போலக் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதைத் தள்ளிப் போடாதீர்கள். ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யில்லை. போடாக்ஸ் ஊசியில் இருக்கும் போட்டுலினம் என்ற இந்தப் பொருள், மனிதர் அறிந்த நச்சுகளிலேயே மிகக் கொடிய ஒன்று. காற்றுப் புகாமல் கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமி இதை உண்டாக்குகிறது. உணவோடு உடலில் சேர்ந்தால் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுபோகும். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வந்தால்தான் தசை சுருங்கும். அதை வெளியே தள்ளிவிடும் புரதம் ஒன்றை இந்த நச்சு வெட்டிவிடுகிறது. நரம்பு உயிரோடுதான் இருக்கும், கட்டளையும் வரும், ஆனால் தசைக்குப் போய்ச் சேராது.

அதே செயலை, நாம் விரும்பும் ஒரு தசையில் மட்டும், கொஞ்சமே கொஞ்சம் நடக்கவிட்டால் அது மருந்து. இதை யூனிட் என்று அளக்கிறார்கள். குரங்குகளில் நடந்த சோதனைகளை வைத்துக் கணக்கிட்டால், 70 கிலோ எடையுள்ள மனிதருக்கு உயிராபத்தான அளவு சுமார் 2,500 முதல் 3,000 யூனிட் வரை வருகிறது. உங்களைப் போன்றவருக்கு ஒரு தடவைக்குக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் சேர்த்துப் போடுவது பெரும்பாலும் 15 முதல் 30 யூனிட்தான். காய்ச்சலுக்குப் போடும் பனடோல் மாத்திரையையே அளவு மீறி விழுங்கினால் ஈரல் கெட்டுப்போகும். அது நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது, அளவு தெரிந்து சாப்பிடுகிறோம். கணவரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டரிடம் நேரிலேயே கேட்கச் சொல்லுங்கள். மனைவி முகத்தில் ஊசி போடுமுன் அவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

சரி, பள்ளியில் பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். போடாக்ஸ் என்றாலே அழகு ஊசி என்று நம் ஊரில் மனதில் பதிந்துவிட்டது. உண்மை நேர்மாறு. இந்த மருந்து உங்களைப் போன்ற நோயாளிகளுக்காகப் பிறந்தது.

1820-களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன ரத்தத் தொத்திறைச்சி தின்று செத்தவர்களைப் பற்றி ஆராய்ந்தார். கவிஞரும்கூட. அந்த நச்சைத் தன் உடலிலேயே கொஞ்சம் சோதித்துப் பார்த்தவர். இது நரம்பின் கட்டளையைத் தடுக்கிறது என்றால், தேவையில்லாமல் துள்ளும் நரம்பை அடக்கவும் இதைப் பயன்படுத்தலாமே என்று அப்போதே எழுதினார். போட்டுலினம் என்ற பெயரும் தொத்திறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். கெர்னரின் எண்ணம் கைகூட ஒன்றரை நூற்றாண்டு ஆனது. சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணை அறுவை செய்யாமல் சரிப்படுத்த வழி தேடி, கண்ணை இழுக்கும் தசையில் இதைத் துளியளவு செலுத்திப் பார்த்து, மனிதர்களில் கிடைத்த முடிவுகளை 1980-இல் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் அனுமதி தந்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும். அந்த இமை இழுப்புக்கான அனுமதியில் ஏழாம் நரம்புக் கோளாறுகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. அதாவது உங்கள் நோய்.

சுருக்கம் பிறகுதான் வந்தது. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கேருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை இழுப்புக்காக ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டுவந்தார். புருவத்துக்கு நடுவில் போடாதபோது அந்தப் பெண் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே போட்டால் முகம் தெளிவாக இருக்கிறது என்றார். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து அதை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். புருவ நடுக்கோட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002-இல். இமை இழுப்புக்கு அனுமதி வந்து 12 ஆண்டுக்கு மேல் கழித்து! கழுத்து தானாகத் திருகிக்கொள்ளும் நோய்க்கு அதற்கு முன்பே, 2000-இல், அனுமதி வந்துவிட்டது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலியோடு வாழும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு 2010-இல் வந்தது. அவர்களுக்கு நெற்றி, கன்னப்பொறி, பின்தலை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் போடுகிறோம்.

என் சொந்தப் பிரிவில் நான் மிக விரும்பிச் செய்யும் ஊசி ஒன்று உண்டு. குரல்நாண் இழுத்துக்கொள்ளும் நோய் இருப்பவர்களுக்குப் பேச்சு வெட்டி வெட்டி வரும், யாரோ தொண்டையைப் பிடிப்பது போல இருக்கும். பாடம் நடத்த முடியாமல் வேலையை விடலாமா என்று யோசிக்கும் நிலைக்குச் சிலர் போய்விடுவார்கள். கழுத்தின் முன்புறம் வழியாகக் குரல்நாண் தசைக்குள் ஒன்றிரண்டு யூனிட் போட்டால், ஒன்றிரண்டு வாரம் குரல் காற்றாகப் போகும். அதன்பின் மூன்று மாதமளவுக்குத் தடையில்லாத பேச்சு. தொலைபேசியில் மகனோடு நிம்மதியாகப் பேசினேன் என்று ஒருவர் வந்து சொல்லும்போது எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆகவே டீச்சர், பள்ளியில் யாராவது கேட்டால் மறைக்க வேண்டாம். நரம்பு நோய்க்கு ஊசி போடுகிறேன் என்று சொல்லுங்கள், நோயின் பெயரையும் சொல்லுங்கள். மாணவர்களிடமும் சொல்லலாம். டீச்சர் கண்ணடிக்கவில்லை, அந்தக் கண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், சிரிப்பு நின்றுவிடும்.

ஊசி போடும் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மயக்க மருந்து தேவையில்லை, படுக்கையில் தங்க வேண்டாம். மிக மெல்லிய ஊசியால் கண்ணைச் சுற்றி நாலைந்து இடத்தில், கன்னத்தில் ஓரிரு இடத்தில் குத்துவார்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும், கண்ணோரத்தில் கொஞ்சம் கூடவே சுருக்கென்று தைக்கும். சில நிமிட வேலை. அன்றே எதுவும் மாறாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் இழுப்பு தளரத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் நரம்பு நுனி தன்னைச் சரிசெய்துகொள்ளும், இழுப்பு மெல்லத் திரும்பும். அப்போது மறுபடியும் போட வேண்டும். இந்த ஊசி நோயை வேரோடு எடுக்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு 12 வாரத்துக்கு முன்னால் மறு ஊசி கேட்காதீர்கள். அடிக்கடி போட்டால் உடம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி, பிறகு மருந்து வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடும்.

பக்கவிளைவு உண்டு. சிறு ரத்தக்கட்டு ஓரிரு வாரம் நிற்கலாம். மேலிமை தொங்கலாம். கண் முழுதாக மூடாமல் வறண்டுபோகலாம். வகுப்பறைக் காற்றாடிக்கு நேர்கீழே நிற்காமல், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது அரிது, வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இவையெல்லாம் சில வாரத்தில் தானாகத் தேறுபவை. கண் கட்டுப்பாட்டுக்கு வந்து, இரண்டு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை என்று தெரியும் வரை அந்தப் பாலத்தில் கணவரே ஓட்டட்டும்.

ஆசிரியை என்பதால் உங்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாயோரம் இழுக்கிறதே, அங்கேயும் நிறையப் போடுங்கள் என்று கேட்காதீர்கள். உதட்டைச் சுற்றியுள்ள தசை தளர்ந்தால் சிரிப்பு கோணும், தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழியும், உதடு சேர வேண்டிய ப, ம எழுத்துகள் வழுக்கும். அம்மா, அப்பா என்று முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாத இரண்டு மாதம் உங்களுக்கு வேண்டாம். அனுபவமுள்ளவர்கள் முதல் தடவை கண்ணைச் சுற்றிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் கொஞ்சமாக, வாயருகில் மிகக் கொஞ்சமாக அல்லது போடாமலே விடுவார்கள். கண்ணைச் சுற்றிப் போட்டதிலேயே சிலருக்கு வாய் இழுப்பும் குறைந்துவிடுகிறது.

ஊசிக்கு முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: மையஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உங்களுக்கு இருக்கிறதா, விழுங்கச் சிரமம் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டீர்களா. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது 300 வெள்ளி ஊசி. இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசப் போகிறேன், நாத்தனார் மகள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

மலேசியாவில் இந்த ஊசியை அழகு நிலையப் பணியாளர் யாரும் போடக் கூடாது. அழகுக்காகப் போடுவதானாலும் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்று, அழகு மருத்துவத்துக்கென்று சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. சான்று வைத்திருக்கும் டாக்டர், பதிவுபெற்ற கிளினிக்கில்தான் போட வேண்டும். பதிவில்லாத கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி 300,000 வெள்ளி வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கக் காரணம் இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், ஆராய்ச்சிக்கூடத்துக்கென்று விற்ற, மனிதருக்குப் போடக் கூடாத நச்சைச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொண்ட நால்வர் செயலிழந்து மூச்சுக்கருவியில் கிடந்தார்கள். 2024-இல் அதே நாட்டில் 11 மாநிலங்களில் 22 பெண்களுக்குப் போலி மருந்தாலோ முறையற்ற ஊசியாலோ பாதிப்பு வந்தது. அதில் 11 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. பலர் ஊசி போட்டுக்கொண்டது டாக்டரிடம் அல்ல, வீடுகளிலும் அழகு நிலையங்களிலும்.

என்னிடமும் ஒரு பெண் வந்தார். இங்கே பினாங்குத் தீவில் ஒரு மாடி அழகு நிலையத்தில் போட்டுக்கொண்டவர். இரண்டு இமையும் பாதி மூடி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் என்னைப் பார்த்தார். என்ன மருந்து என்று கேட்டேன், தெரியவில்லை. எத்தனை யூனிட், தெரியவில்லை. குப்பியைப் பார்த்தீர்களா, இல்லை, ஏற்கெனவே ஊசியில் ஏற்றி வைத்திருந்தார்கள் என்றார். நல்ல வேளையாக விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் வரவில்லை. ஏழு வாரம் அவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அவருக்கு என்னால் செய்ய முடிந்தது காத்திருக்கச் சொல்வதும் அடிக்கடி பார்ப்பதும்தான். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த ஏழு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அதே மருந்துதான் என்று நாத்தனார் மகள் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போடாக்ஸ், டிஸ்போர்ட், சியோமின் என்று வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள் இருக்கின்றன. ஒன்றின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமில்லை; டிஸ்போர்ட்டின் எண்ணிக்கை போடாக்ஸைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும். மாற்றிக் கணக்கிட்டால் விபரீதம். முறையான இடத்தில் குப்பியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உங்கள் கண்முன்னே உப்புநீர் கலப்பார்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஹோலோகிராமும் இருக்கும். பெயரையும் யூனிட்டையும் உங்கள் அட்டையில் எழுதித் தருவார்கள். கேட்கத் தயங்காதீர்கள், உங்கள் முகம் அது. எங்கே போட்டாலும் சரி, ஊசிக்குப் பிறகு விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், உடல் தளர்ச்சி என்று எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், சில நாள் கழித்து வந்தாலும்கூட.

நெற்றிச் சுருக்கத்தைச் சரிசெய்ய ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மகள் கல்யாணத்தில் முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று எந்த அம்மாதான் நினைக்க மாட்டாள்? பொட்டு வைக்கும் இடத்துக்கு இருபுறமும் விழும் கோட்டுக்குப் பொதுவாக 20 யூனிட், 5 இடத்தில் போடுவார்கள். அது எளிது. நெற்றியின் குறுக்குக் கோடு அப்படியல்ல. 45 வயதைத் தாண்டியவர்களில் பலர், கொஞ்சம் தளர்ந்த இமையை நெற்றித் தசையால்தான் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல். அந்தத் தசையைத் தளர்த்தினால் கோடு போகும், கூடவே புருவமும் இறங்கிக் கண் சோர்ந்து தெரியும். உங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இடப்பக்கம் மருந்தால் தளர்ந்தால், வலப்பக்கச் சுருக்கம் முன்பைவிட ஆழமாகத் தெரியும். அதைச் சமன்செய்ய வலப்பக்கம் கொஞ்சம் போடலாமா என்று உங்கள் இழுப்புக்கு ஊசி போடும் டாக்டரிடமே கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அழகுக்காகப் போட மாட்டார்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகச் செய்வது சிகிச்சையோடு சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரியில் ஒன்று, அழகு நிலையத்தில் ஒன்று என்று போட்டுக்கொள்வதை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று இருவருக்குமே தெரியாமல் போகும்.

கல்யாண நாளுக்கு இப்படித் திட்டமிடலாம். எம்.ஆர்.ஐ. முடித்து அக்டோபருக்குள் முதல் ஊசி கிடைத்தால், உங்கள் முகத்துக்கு எவ்வளவு தேவை, எங்கே போட்டால் கோணுகிறது என்று டாக்டருக்கும் தெரிந்துவிடும். ஜனவரியில், 12 வாரம் கழிந்ததும், இரண்டாவது. கல்யாணத்துக்கு மூன்று வாரமாவது முன்னால் அது முடிந்திருக்கட்டும். தை கடைசியில் முழுப் பலனோடு இருப்பீர்கள். முதல் ஊசியே ஜனவரிக்குத் தள்ளிப்போனால், கல்யாணம் முடிந்து போடுவதுதான் நல்லது என்பேன். முகத்துக்குப் பழக்கமில்லாத மருந்தை மணமேடைக்குச் சில நாள் முன்பு சோதிக்க வேண்டாம். ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். முகத்தில் மசாஜ், புருவம் திருத்துவது எல்லாம் ஒரு வாரம் கழித்து. நலங்குக்கு மஞ்சள் பூசுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

மாத்திரையில் சரியாகாதா என்று கேட்பீர்கள். கார்பமசெபின் போன்றவை உண்டு, பலன் குறைவு, தூக்கக் கலக்கம் அதிகம். நம் ஆசியர்களில் குறிப்பிட்ட மரபணு உள்ள சிலருக்கு அந்த மாத்திரை உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. அறுவை சிகிச்சையும் உண்டு. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைத்துப் பிரித்துவிடுவார்கள். தேர்ந்த கைகளில் 85 முதல் 90 விழுக்காட்டினருக்கு இழுப்பு நின்றுவிடுகிறது. கேட்கும் நரம்பு ஒட்டியே ஓடுவதால் சிலருக்கு அந்தக் காது கேட்காமல் போகலாம். ஊசிப் பலன் போதவில்லை என்றாலோ, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை குத்திக்கொள்வது சலித்துப்போனாலோ அப்போது யோசிக்கலாம். கல்யாண அவசரத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை. செலவைப் பற்றியும் கவலை வேண்டாம், அரசாங்க ஊழியருக்குள்ள மருத்துவச் சலுகை ஆசிரியையான உங்களுக்கு உண்டு.

அப்புறம் மாமனார் விஷயம். ஆமாம், உண்மைதான். பார்க்கின்சனில் எச்சில் அதிகம் சுரப்பதில்லை. விழுங்குவது குறைந்துவிடுவதால்தான் வாயில் தேங்கி வடிகிறது. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளில், பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, இந்த மருந்தைப் போட்டால் சுரப்பு சில மாதம் குறையும். அமெரிக்காவில் 2018-இல் இதற்கும் அனுமதி கிடைத்தது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கும் இதைச் செய்கிறோம், சட்டை நனையாமல் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுபவருக்கு மருந்து தொண்டைத் தசைக்குப் பரவினால் நிலைமை மோசமாகும், எச்சில் கெட்டியாகி அதுவே அடைக்கவும் செய்யும். ஆகவே முதலில் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும். ஒரு வாரம் அவர் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து, எதைச் சாப்பிட்டால் இருமுகிறார், தண்ணீருக்கா, சோற்றுக்கா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று மாமியாரைக் கவனிக்கச் சொல்லி எழுதி வையுங்கள். அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.